பெயரில்லாத பட்டன்

குகனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆளைப் பார்த்தால் சாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மசாஜ் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் முதுகு வலியை அமுக்கி எடுக்கிறவன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். எதிராளி உதைக்கக் கால் தூக்குவதற்கு முன்பே, அந்தக் கால் தரையில் தேய்கிற சத்தம் இவனுக்குக் கேட்டுவிடும். பன்னிரண்டு வயதிலேயே குகனுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. அந்தச் சண்டை விளையாட்டை அவன் காதால்தான் ஆடுகிறான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஆடுகிறான்.

எதிராளி ஹஸ்ஸான், கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். ஒருநாள் கழுத்துப் பிடித்துக்கொண்டு மசாஜுக்கு வந்தவன், குப்புறப் படுத்தபடியே இந்த விளையாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். கழுத்து சரியாகிவிட்டது, பேச்சு நிற்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் கிள்ளானிலிருந்து அவனும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து இவனும் இணையத்தில் அடித்துக்கொள்கிறார்கள். வாரம் முழுக்க மற்றவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனுக்கு, தலையாட்டாமல் இருக்கக் கிடைத்த ஒரே பொழுது அதுதான்.

அதில்தான் மண் விழுந்தது.

கணினி விளையாட்டை இப்போது யார் டிஸ்க்கில் வாங்குகிறார்கள்? எல்லாம் இணையக் கடைதான். காசு கட்டி வாங்கினாலும், ஒவ்வொரு முறையும் அந்தக் கடையின் வாசல் வழியாகத்தான் உள்ளே போய் ஆட வேண்டும். குகன் வழக்கமாக வாங்கும் பழைய கடையில் ஒரு தொல்லையும் இல்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற மென்பொருள் அவன் கணினியில் இருக்கிறது. அது ஒவ்வொரு பட்டனின் பெயரையும் சொல்லும், இவன் கீபோர்டிலேயே வேலையை முடித்துவிடுவான்.

பிறகு எதிரே ஒரு புதுக் கடை முளைத்தது. முளைத்த கையோடு வாராவாரம் ஒரு விளையாட்டை இனாமாக வாரி இறைத்தது. எதிர்வரிசையில் புதிதாய்த் திறந்த உணவகம் முதல் வாரம் தே தாரிக் டீ இலவசம் என்று பலகை வைக்குமே, அந்தக் கதைதான். கூட்டம் அங்கே ஓடியது. அதோடு விடாமல், குகனுடைய சண்டை விளையாட்டின் அடுத்த பாகத்தை ஒரு வருஷத்துக்குத் தன்னிடம் மட்டுமே விற்கும்படி வளைத்தும் போட்டது. பழைய பாகத்தின் சர்வரை மூடிவிட்டார்கள். ஹஸ்ஸான் புதுக் கடைக்கு மாறினான். குகனும் வலைப்பக்கத்தில் ஆசையாகக் காசு கட்டி, கடையின் செயலியைக் கணினியில் இறக்கினான்.

கடையைத் திறந்தான். மென்பொருள் படித்தது: “பட்டன். பட்டன். பட்டன். பட்டன்.”

எந்தப் பட்டனுக்கும் பெயர் இல்லை. வரிசையாகப் படங்களை ஒட்டிவிட்டு, அவற்றுக்குப் பெயர் வைக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. உள்ளே விளையாட்டு ஜோராக இருக்கிறது, அடிக்கு அடி சத்தம் வைத்திருக்கிறார்கள். வாசலைத் தாண்டினால்தானே! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

குகனின் மனைவி வாணிக்குக் கண் தெரியும். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை. அவளுக்காகவே ஒரு மவுஸ் வாங்கினார்கள். ஞாயிறுதோறும் வந்து ஒரு கிளிக் செய்து திறந்துவிடுவாள். ஹஸ்ஸானும் போனில் முதல் கேள்வியாக, “தங்கச்சி வந்தாச்சா? கதவு தொறந்தாச்சா?” என்பான். கேலிதான். ஆனால் கேட்கும்போதெல்லாம் குகனுக்குச் சுருக்கென்றது.

அப்புறம் வாணிக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் போட்டார்கள். அவள் வீடு வந்து சேரும் நேரத்தில் ஹஸ்ஸானின் கடையில் கூட்டம் நெரிய ஆரம்பித்துவிடும். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து திறந்தாலும் ஒரு ஆட்டம், மிஞ்சினால் இரண்டு. சில வாரம் அதுவும் இல்லை.

“பக்கத்து வீட்டு அங்கிள கூப்பிடுங்களேன், ஒரு கிளிக்தான லா,” என்றாள் வாணி.

“என் வீட்டுக் கதவ தொறக்க வாராவாரம் பக்கத்து வீட்ல போய் நிக்கணுமா? எனக்குப் பிச்ச வேணாம் வாணி. காசு கட்டிருக்கேன்.”

ஹஸ்ஸான் அலுத்துப்போனதாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஞாயிறு, “இந்த வாரம் வேற ஆளோட ஆடிக்கவாடா? நீ கோவிச்சுக்காத,” என்றான். குகன், “ஆடு, ஆடு,” என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தான். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாளே புதுக் கடையின் உதவிப் பிரிவுக்கு எழுதினான். எனக்குக் கண் தெரியாது, உங்கள் பட்டன்களுக்குப் பெயர் இல்லை என்று முதல் வரியிலேயே எழுதினான். பதில் வந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே, கீழே உள்ள படத்தில் சிவப்பு வட்டமிட்டுக் காட்டியிருக்கும் இடத்தை அழுத்தவும்.

மென்பொருள் கீழே இறங்கிப் படித்தது: “படம்.” அவ்வளவுதான்.

குகன் விழுந்து விழுந்து சிரித்தான். கண் தெரியாதவனுக்குச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிய அந்தப் புண்ணியவான் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்!

அவனைப்போலக் காதால் ஆடுகிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சுபாங் ஜெயாவிலிருந்து ஜொகூர் வரை மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் உண்டு. அந்தப் பதிலைக் குகன் அங்கே போட்டான். ஆளாளுக்கு இதே கதை. எல்லாரும் சேர்ந்து பழைய கடையின் இணைய மன்றத்தில் எழுதினார்கள்: ஒரு வருஷம் காத்திருக்கிறோம், எங்களோடு பேசும் கடையில்தான் இனிமேல் காசு போடுவோம். சிவப்பு வட்டத்தையும் கூடவே ஒட்டினார்கள்.

பிடித்தது பார்க்கணும் தீ! இந்த இரண்டு கடைகளுக்கும் கட்சிக்காரர்கள் மாதிரி ரசிகர்கள் இருக்கிறார்கள். பழைய கடையின் ஆட்களுக்குப் பொங்கல் வைத்த மாதிரி ஆகிவிட்டது. பார்த்தீர்களா புதுக் கடையின் லட்சணத்தை என்று சிவப்பு வட்டத்தை உலகம் முழுக்கச் சுற்றவிட்டார்கள். அவர்களுக்குக் குகன்மேல் அக்கறை ஒன்றும் கிடையாது. கல்லெறிய ஒரு கல் கிடைத்தது, எறிந்தார்கள். பழைய கடையும் லேசுப்பட்டதில்லை. எந்த விளையாட்டு வாய்விட்டுப் படிக்கும் என்று தன் பட்டியலில் அடையாளம் போட்டு, அதற்கும் விளம்பரம் தேடிக்கொண்டது.

“நம்மள வச்சு அவங்க சண்ட போடறாங்க,” என்றான் குகன், கொஞ்சம் கசப்பாக.

“போடட்டுமே. ஊரு ரெண்டு பட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இந்தத் தடவ கூத்தாடி நீங்கதான்னு வச்சுக்குங்க,” என்றாள் வாணி.

அவனும் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை உதவிப் பிரிவுக்கு ஒரே கேள்வியை அனுப்பினான்: பெயர் வைத்தாயிற்றா? அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது மசாஜ் செய்கிறவனுக்குத் தெரியாதா என்ன.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிறு, வாணி வேலைக்குப் போயிருந்தாள். குகன் பழக்கதோஷத்தில் புதுக் கடையைத் திறந்தான். என்னவோ அப்டேட் இறங்கி முடிந்திருந்தது. டேப் விசையைத் தட்டினான்.

“கடை, பட்டன்,” என்றது ஆங்கிலத்தில்.

கை அப்படியே நின்றது. மறுபடி தட்டினான். “என் விளையாட்டுகள், பட்டன்.” மறுபடி. “விளையாடு, பட்டன்.”

அவன் உடனே அழுத்தவில்லை. பின்னால் போய்விட்டு மறுபடி முன்னால் வந்தான், அதை இன்னொரு தடவை சொல்லிக் கேட்க. சொன்னது. கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு அழுத்தினான், ஹஸ்ஸானைக் கூப்பிட்டான்.

“தங்கச்சிக்கு இன்னிக்கு லீவா?” என்றான் ஹஸ்ஸான்.

“இல்ல. அவ சென்ட்ரல்ல இருக்கா.”

“அப்ப கதவ யாருடா தொறந்தா?”

“நான்தான்.”

ஹஸ்ஸான் கடைப் பையனிடம் கல்லாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் குரல் கேட்டது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. “வாடா,” என்றான், குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அதற்காக இரக்கம் காட்டினானா? கிடையாது. முதல் ஆட்டத்திலேயே குகனைப் புரட்டி எடுத்தான். பழக்கம் விட்டுப்போயிருந்த குகன் வரிசையாக அடி வாங்கினான், வாங்க வாங்கச் சிரித்தான்.

வாணி வந்தபோது இருட்டப் போகிற நேரம். குடையை வாசலில் போட்டுவிட்டு, செருப்போடு மேசைக்கு ஓடிவந்தாள். மவுஸைத் தேடிக் கை நீட்டினாள். அங்கே மவுஸ் இல்லை. வயரோடு சுருட்டி அலமாரியில் வைத்திருந்தான்.

திரையில் குகனின் ஆள் துள்ளிக்கொண்டிருந்தான். வாணி திரையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து முதலில் ஒரு செருப்பைக் கழற்றினாள், அப்புறம் இன்னொன்றை.