மயிலம்மாள் கேட்டு வாங்காத உப்பு

ரப்பர் தோட்டங்களில் பால்மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நடும்படி, மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் உத்தரவு போட்டபோது, பயிர் வைக்கும் குடும்பங்களுக்கு அரசாங்கம் உப்பும் அரிசியும் துணியும் உதவியாகத் தரும் என்றார்கள். ராசா என்ற ஊரை அடுத்த ஒரு தோட்டத்தில் அதை நம்பி முதலில் கோடரியை எடுத்தவன் வீரமுத்து. உதவியை வாங்கப் போன அவனையும் வேறு சிலரையும் ஆபீஸ் வாசலிலேயே லாரியில் ஏற்றி, சயாம் நாட்டில் ரயில்பாதை போட அனுப்பிவிட்டார்கள்.

அவன் மனைவி மயிலம்மாள் மீதி நிலத்தைத் தானே கொத்தினாள். சேலை கிழிந்துபோனபின் சாக்கைத் தைத்து உடுத்திக்கொண்டாள். மரவள்ளி தலைக்கு மேல் வளர்ந்தது.

மறுவருஷம் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராமகிருஷ்ணன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று சொன்னார்: "நாளைக்கு உப்பு, துணியெல்லாம் குடுக்குறாங்க. ஆம்பளைங்கதான் நேர்ல வரணும்."

பக்கத்து வீட்டு மாயாண்டி உடனே போகத் துடித்தான். "உப்பில்லாத கெழங்கப் புள்ளைங்க துப்புதுங்க, தங்கச்சி."

மயிலம்மாள் தடுத்தாள். "உங்க கூட்டாளியும் இப்படித்தான் போனாரு. ஆம்பளைங்க எல்லாரும் காட்டுக்குள்ள போயிருங்கண்ணே. உப்ப நாங்க போய்க் கேக்குறோம்."

மறுநாள் காலையில் பெண்கள் ஆளுக்கொரு மரவள்ளிச் செடியைக் கிழங்கோடு பிடுங்கித் தோளில் சுமந்து போனார்கள். ஆபீஸ் வாசலில் உப்பு மூட்டைகள் இருந்தன. பக்கத்திலேயே காலி லாரியும் நின்றது. ஜப்பானிய அதிகாரி, ஆண்கள் எங்கே என்று மலாயில் கிராணியைக் கேட்டான்.

"காய்ச்சல்னு சொல்லிர்றேன், போயிரும்மா," என்று முணுமுணுத்தார் கிராணி.

"பொய் எதுக்குங்க? கொத்துனது நாங்க, நட்டது நாங்க. எங்க கையில குடுக்கச் சொல்லுங்க. ஆம்பளதான் வேணும்னா, ஏத்திட்டுப் போனவர மொதல்ல கொண்டாந்து விடச் சொல்லுங்க."

கிராணி அதை மலாயில் சொல்லவில்லை. மயிலம்மாள் அதிகாரியின் முகத்தை நேராகப் பார்த்து, தனக்குத் தெரிந்த மலாயில் தானே சொன்னாள்: "லாக்கி சாயா, சயாம். பூலாங் டூலு!" என் புருஷன் சயாமில் இருக்கிறான், முதலில் அவன் திரும்பி வரட்டும்.

அதிகாரி அவளை ஓங்கி அறைந்தான். கீழே விழுந்தவள் கிழிந்த உதட்டோடு எழுந்து, முன்பு நின்றதைவிடக் கிட்டத்தில் போய் நின்றாள். பின்னால் இருந்த பெண்கள் ஒருத்திகூட நகரவில்லை. அதிகாரி கத்தினான். மூட்டைகள் லாரியில் ஏறின. லாரி போய்விட்டது.

"உன்னால உப்பும் போச்சு," என்று வழியில் ஒருத்தி அழுதாள்.

"போகட்டும்லா. நம்ம ஆளுங்க யாரும் அதுல ஏறலியே!"

விளைச்சலில் பாதியை அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். உதவி தராதவனுக்குப் பங்கு எதற்கு என்றாள் மயிலம்மாள். அந்த வாரமே எல்லாக் கொல்லைகளையும் தோண்டி, கிழங்கைச் சீவிக் காயவைத்து ஒளித்துவிட்டார்கள். அதிகாரி வந்தபோது வெறும் குழிகள்தான் இருந்தன. கிராணியைப் பார்த்தான்.

"காட்டுப்பன்னி, துவான்," என்றார் ராமகிருஷ்ணன். கேட்டபோதெல்லாம் அதையேதான் சொன்னார்.

ஜப்பான்காரன் தோற்று, சண்டை முடிந்தது. மாயாண்டியும் காட்டில் ஒளிந்த மற்றவர்களும் உயிரோடு இருந்தார்கள். வீரமுத்து வரவில்லை. மறுபடி நட்டிருந்த மரவள்ளிக் கொல்லையை அழித்துப் பால்மரக் கன்று வைக்கச் சொல்லிப் புது வெள்ளைக்காரத் துரை ஆளனுப்பினார்.

கொத்திக்கொண்டிருந்த மயிலம்மாள் நிமிரவில்லை. "கெழங்கு வெளையட்டும். அப்புறமா வரச் சொல்லு."