காது மங்கிய பிறகு ரெக்கோடர்

ரெக்கோடர் ஊத எட்டு விரலும் அளவான மூச்சும் போதும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. காதைப் பற்றி அந்தப் புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை.

தலை நரைத்த பிறகு ஒரு வாத்தியத்தை எடுத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்து, பிறகு வெளியே வந்து ஒருவர் முகத்தையும் பாராமல் தண்ணீர் குடிக்கப் போனவர்கள் யாராவது இதை வாசித்தால், அவர்களுக்கு நான் விளக்கவேண்டியது எதுவும் இல்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரெக்கோடர் என்பது வாயில் நேராக வைத்து ஊதுகிற குழல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பழகுவது. நான் தொடங்கியபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. வீடு வேலணைத்தீவில். குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் சனம் ஏற்றி ஓடுகிற லோஞ்ச் படகு ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக எஞ்சின் பார்த்தேன். இவ்வளவும் தெரிந்தால் மீதி விளங்கும்.

கடையில் சொன்ன பொய்

மனைவி பரமேஸ்வரியின் கரைச்சல் தாங்காமல்தான் காதைச் சோதிக்க யாழ்ப்பாணம் போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு பெண்பிள்ளை என் காதுகளை மூடி ஒரு கருவியை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமத்தச் சொன்னார். தொடக்கத்தில் அடிக்கடி அமத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. கொஞ்சநேரம் காத்திருந்தேன். மெசின் பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பார்த்தேன். அவருடைய விரல் இன்னும் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தது. அவர் சத்தம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் வந்து சேரவில்லை.

மேல்தொனிகளை எஞ்சின் தின்றுவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று அவர் விளங்கப்படுத்தினார். காது மெசினுக்குப் பெயர் பதிந்துவிட்டு (என் முறை இன்னும் வரவில்லை) பஸ் நிலையத்துக்கு நடந்து வருகிற வழியில், ஒரு இசைக்கருவிக் கடையின் கண்ணாடி அலுமாரியில் ரெக்கோடரைக் கண்டேன். ஏன் உள்ளே போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. எனக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கையில் பிடித்துப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று கடைக்காரர் கேட்டார். ஆறாம் வகுப்பு என்றேன். என் இரண்டு பிள்ளைகளும் கலியாணம் முடித்தவர்கள். அவர் ஒன்றைத் தெரிந்தெடுத்துத் துடைத்துத் தந்தார்.

“இது விரல் வைக்கச் சுகமானது. ஏசிப் பழக்காதேங்கோ, பிள்ளைக்கு வெறுத்துப்போகும்.”

எஞ்சின் அறை

வீட்டில் ஊத வெட்கம். பகலில் லோஞ்ச் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு மணித்தியாலம் சும்மா கட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் எஞ்சின் அறைக்குள் இறங்கி, ஆறிக்கொண்டிருக்கிற எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊதினேன். முதல் கிழமை, ஏழு நாளும், வந்ததெல்லாம் கீச்சுச் சத்தம்தான். அதிலும் பாதி எனக்குக் கேட்கவில்லை என்பது ஒரு வசதி.

எங்கள் லோஞ்சில் சுக்கான் பிடிக்கிறவர் சூசை அண்ணை. ஊர்காவற்றுறை ஆள், என்னைவிட ஏழு வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் அவர் டோர்ச் லைட்டும் எண்ணெய்ப் போத்தலுமாக ஏணியில் இறங்கி வந்தார். குழலும் கையுமாக நான் அகப்பட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் போத்தலைக் கீழே வைத்தார்.

“பெல்ட் தேஞ்சுபோச்செண்டு நினைச்சன். நீரெண்டு தெரிஞ்சிருந்தா தேத்தண்ணி கொண்டந்திருப்பன்.”

இறங்கிப்போன ஃபா

டோ, ரே, மீ மூன்றும் ஒருவாறு வந்தன. ஃபா வரவில்லை. புத்தகத்தில் போட்டிருந்த படத்தைப் பார்த்து, எந்த ஓட்டையை மூடவேண்டுமோ அதை மூடி, எதைத் திறக்கவேண்டுமோ அதைத் திறந்து ஊதுவேன். ஃபா மட்டும் மீயின் மடியில் போய் விழுந்துவிடும். ஒரு மாதம் இப்படியே போனது. மேல்தொனிதான் போய்விட்டது என்று சொன்னார்களே, இப்போது கீழ்ப்பக்கமும் கரையத் தொடங்கிவிட்டதோ என்று பயந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. பரமேஸ்வரியிடமும் சொல்லவில்லை.

சூசை அண்ணைதான் தன் தமக்கையின் மகளிடம் அனுப்பினார். றெஜினா ரீச்சர் ஊர்காவற்றுறையில் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவர். முப்பது வயது இருக்கும். சனிக்கிழமை பின்நேரங்களில் அவர் வீட்டு விறாந்தையில் நானும் ஒரு ஆஸ்பத்திரித் தாதியும் பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்து படிப்போம். முதல் நாளே என் ஃபாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். காது சோதித்த கடதாசியையும் கொண்டுபோயிருந்தேன். ரீச்சர் கடதாசியைப் பார்க்கவில்லை. குழலை வாங்கிக் கீழ் ஓட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெக்கோடரில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்றில் ஃபாவுக்கு விரல் வைக்கிற முறை மற்றதில் பொருந்தாது. என் குழல் ஒரு வகை, என் புத்தகம் மற்ற வகைக்கு எழுதப்பட்டது. ஒரு மாதமாக நான் பிழையான ஃபாவைச் சரியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நான் முகத்தைத் திருப்பி வேலிப்பக்கம் பார்த்தேன். கண் கலங்கியது அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று. ரீச்சர் குழலைத் திருப்பித் தந்தார்.

“உங்கட காதில பிழையில்லை அண்ணை. அது பிழையெண்டு கண்டுபிடிச்சதே உங்கட காதுதான்.”

நன்றி சொன்னவர்கள்

இது ரெக்கோடர் கதை அல்ல. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் மற்றவை பொய்யாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, நயினாதீவில் பூசை முடித்துவந்த சனத்துடன் திரும்பிக்கொண்டிருந்தோம். எஞ்சின் சூடு கூடினால் கத்துகிற சின்ன அலாரம் ஒன்று என் தலைக்கு மேலே இருக்கிறது. மெல்லிய கீச்சுக் குரல் அதற்கு. நான் மறுபக்கம் திரும்பி டீசல் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சூசை அண்ணை ஏணியில் பாதியில் நின்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் வாய் திறந்து திறந்து மூடியது. திரும்பிப் பார்த்தபோது தண்ணீர்க் குழாய் வெடித்து ஆவி பறந்துகொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தினேன். காற்று எங்களைக் கல்லுப்பாறைப் பக்கம் தள்ளியது. நங்கூரம் போட்டோம், பிடித்துக்கொண்டது. அரைமணி நேரத்தில் இன்னொரு லோஞ்ச் வந்து இழுத்துப்போனது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இறங்குதுறையில் சனம் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனது. தக்க நேரத்தில் நான்தான் எஞ்சினை நிறுத்தினேன் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒரு தாய் தன் கைக்குழந்தையின் நெற்றியிலிருந்த திருநீற்றைத் தொட்டு எனக்குப் பூசிவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் போனது. எல்லோரும் போன பிறகு சூசை அண்ணை வந்து பக்கத்தில் இருந்தார். அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது என்று சொன்னார். மேலே நின்ற தனக்கே கேட்டதாம். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“நான் முதலாளிக்கு ஒண்டும் சொல்லேல்லை. அதை நீர்தான் சொல்லவேணும்.”

பரமேஸ்வரியின் கை

அடுத்த நாளே போய்ச் சொன்னேன். முதலாளி ஏசவில்லை. எஞ்சினிலிருந்து எடுத்து இறங்குதுறையில் கயிறு பிடிக்கவும் பயணிகளுக்கு ரிக்கற் கிழிக்கவும் விட்டார். இருபத்திரண்டு வருடம் காலுக்குக் கீழே அதிர்ந்தது ஒரே நாளில் நின்றுபோனது. பின்நேரம் வெள்ளென, வெளிச்சம் இருக்கும்போதே, வீட்டுக்கு வரத் தொடங்கினேன். வந்து என்ன செய்வது? ரெக்கோடரை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் உட்கார்ந்தேன். வெட்கமெல்லாம் அந்த வெள்ளிக்கிழமையோடு போய்விட்டது.

அப்போது ரீச்சர் மேல்சுரங்கள் தொடங்கியிருந்தார். பெருவிரலால் பின் ஓட்டையைக் கொஞ்சமாகத் திறந்து ஊதவேண்டும். நான் ஊதினால் எனக்குக் கேட்பது வெறும் மூச்சுத்தான். சுரம் வருகிறதா, கிழிகிறதா, தெரியாது. முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த பரமேஸ்வரியிடம், சரியாக வந்தால் கையைத் தூக்கிக் காட்டும் என்று கேட்டேன். தனக்கு இதெல்லாம் தெரியாது என்றாள். பிறகு நிமிராமலே முருங்கைக் காம்பைத் தூக்கிக் காட்டினாள். கிழிந்தால் காம்பு கீழே இருக்கும். வந்தால் மேலே போகும். இரண்டு மூன்று கிழமையில் அவளுடைய கை அடிக்கடி மேலே போனது. என் விரலுக்கு வழி தெரிந்தது.

காது மங்கத் தொடங்கிய காலத்திலிருந்து அவள் என்னிடம் பேச்சைக் குறைத்துவிட்டாள். கத்திச் சொன்னால் அயலுக்குச் சண்டை மாதிரிக் கேட்கும், மெதுவாகச் சொன்னால் நான் பிழையான மறுமொழி சொல்வேன். சாப்பாடு, பஸ், மருந்து, இவ்வளவுதான் எங்களுக்குள் மிச்சம். முந்தின வருடம் அவளுடைய தங்கச்சி செத்த அன்று, கிளிநொச்சிக்குப் போகிற பஸ்ஸில் வழி முழுக்க அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் எஞ்சின் இரைச்சலுக்குள் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது என்றே நம்பியிருந்தேன். ஒருநாள் ஊதி முடித்துக் குழலைத் துடைத்தபோது அவள் எழும்பிப் போகவில்லை. சுளகைத் தள்ளிவைத்துவிட்டு எனக்கு நேரே வந்து இருந்தாள்.

“அண்டைக்கு பஸ்ஸில நான் தங்கச்சியைப் பற்றிச் சொன்னது ஒண்டும் நீங்கள் கேக்கேல்லை. இப்ப திருப்பிச் சொல்லுறன். என்ர வாயைப் பாத்துக் கேளுங்கோ.”

பெரிய குழல்

மேல்சுரங்களை எத்தனை நாளைக்கு அடுத்தவர் கையைப் பார்த்து ஊதுவது? ரெக்கோடரில் சின்னன், நடுவான், பெரிது என்று அளவுகள் இருக்கின்றன. நடுவானில் அதே விரலுக்குச் சுரம் வேறு, எல்லாம் புதிதாகப் பழகவேண்டும். அதைவிடப் பெரியதில் விரலும் அதே, பெயரும் அதே. முழுக்க ஒரு ஸ்தாயி கீழே இறங்கி ஒலிக்கும், அவ்வளவுதான். அதைத்தான் ரீச்சர் எனக்குச் சொன்னார். அது யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை. சுவிஸில் இருக்கிற என் தம்பி, ஒரு பள்ளிக்கூடம் கழித்து விற்ற மரக்குழல் ஒன்றைத் தேடி வாங்கி, கோயில் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவந்தான்.

ஓட்டைகளுக்கு இடையில் நல்ல தூரம். ஸ்பனர் பிடித்த கைக்கு அது ஒரு தூரமாகத் தெரியவில்லை. எல்லா ஓட்டைகளையும் மூடி, கண்ணாடியில் ஆவிப்புகார் படிய ஊதுவதுபோல் மெதுவாக ஊதினேன். அடி டோ வந்தது. பல்லிலும் நெஞ்சிலும் வந்தது. அங்கிருந்து ஒவ்வொரு விரலாகத் தூக்கி மேலே மேலே போனேன். கடைசிச் சுரம்வரை எனக்குக் கேட்டது. நிறுத்தாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். தம்பி போகும்போது சொன்னான்.

“எயார்போர்ட்டில பெட்டியைத் திறந்து இது என்னெண்டு கேட்டவங்கள் அண்ணை. அண்ணைக்கு மருந்தெண்டு சொன்னன்.”

முன்வாங்கு

கிறிஸ்து பிறப்புப் பெருநாளான நத்தாருக்கு முந்தின ஞாயிறு, காலைப் பூசை முடிய, ரீச்சருடைய தேவாலயத்தில் மூன்று பேரும் வாசித்தோம். ரீச்சர் சின்னக் குழல், தாதி நடுவான், நான் பெரிது. எனக்கு நீளமான சுரங்கள், மொத்தம் எட்டுச் சுரம். பயிற்சியில் விறாந்தையில் கேட்ட மற்ற இரண்டு குழலும் அந்தப் பெரிய கட்டிடத்துக்குள் எனக்குக் காணாமல் போயின. ரீச்சர் இதை முன்னமே யோசித்திருந்தார். தன் தோளைப் பார்க்கச் சொல்லியிருந்தார். அது உயரும்போது நானும் மூச்செடுக்கவேண்டும். பாட்டு இரண்டாம் முறை வரும்போது ஒரு இடத்தில் பிந்திவிட்டேன். அடுத்த தோளில் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை, தேவாலயம் அல்லவா. முதல் வரிசை முன்வாங்கில் இருந்த ஒரு வயதானவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே முற்றத்தில் அவர் மருமகளின் கையைப் பிடித்தபடி வந்தார். மாமா சுருவில் ஊர் ஆள், அரிசி மில்லில் நாற்பது வருடம் நின்றவர், காது கேளாது, அதனால்தான் முன்வாங்கில் இருத்துகிறோம் என்று அந்த மருமகள் எனக்குச் சொன்னார். அவர் என் கையிலிருந்த குழலை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். ரீச்சரும் தாதியும் என் இரண்டு பக்கமும் நின்றார்கள். காது கேளாதவர்கள் பேசுகிற பெரிய குரலில், முற்றம் முழுவதும் திரும்பிப் பார்க்க, அவர் சொன்னார்.

“மற்ற ரெண்டு பேரும் சும்மா வாயில வைச்சுக்கொண்டு நிண்டவை. நீர் ஒராள்தான் ஊதினனீர்.”

மூன்று வருடம் ஊதியதில் எனக்குக் கிடைத்திருப்பது ஒரேயொரு ரசிகர், அவருக்கும் காது கேளாது.