ஒரு காது குரலுக்கு, ஒரு காது டிஸ்குக்கு

சவுண்டக்கா என்பது தெருவார் அவளுக்கு இட்ட பெயர். சவுண்டு விடுகிறவள் என்பது அதன் பொருளன்று. அவள் வாய் திறப்பதே அரிது. பார்வையற்றோர் கேட்பதற்காகப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்து கொடுப்பது அவள் தொழில். பின்னறைச் சுவர்களில் கம்பளிகள் தொங்கும். அவற்றின் நடுவே அமர்ந்து கணவர் வாசிப்பார். அவள் கணினித் திரைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பாள். கண்ணுக்கு வேலை கொடுத்தால் காது சோம்பிவிடும் என்பது அவள் கட்சி.

ஹெட்போனையும் ஒரு பக்கம்தான் மாட்டிக்கொள்வாள். அந்தக் காது கணவரின் குரலுக்கு. திறந்திருக்கும் காது ஹார்ட் டிஸ்குக்கு. அது கறகறவென்று அரைத்துக்கொண்டிருந்தால் பதிவு ஓடுகிறது. அரைப்பு நின்றால் ஏதோ கோளாறு. இப்படியே ஓர் அலமாரிப் புத்தகங்களை முடித்திருந்தார்கள்.

அந்த டிஸ்க் முதுமையில் விக்கத் தொடங்கியது. வாக்கியத்தின் நடுவே ஓரிரண்டு எழுத்துகளை விழுங்கியது. அதே சமயத்தில் கணவரின் குரல்நாணில் ஒரு சிறு கட்டி இருப்பதும் தெரியவந்தது. அறுவைக்கு நாள் குறித்தார்கள். அதற்குப் பின் குரல் எப்படி இருக்கும் என்று உறுதி கூற மருத்துவர் மறுத்துவிட்டார். கையிலிருந்த நாவலில் கடைசி அத்தியாயம் மிச்சம் இருந்தது. ஒரு குரலில் தொடங்கிய கதை அதே குரலில் முடியவேண்டும் என்பதே அவள் கவலை.

அவள் தம்பி கணினிக் கடை வைத்திருந்தான். அவளையும் கணவரையும் அமரவைத்து, மேசைமேல் இரண்டு பொருள்களை எடுத்துவைத்தான்.

"இது பழசைவிட வேகமா சுத்தும்க்கா. இடமும் தாராளம். இது எஸ்எஸ்டி. சுத்தவே சுத்தாது, ஆனா அதைவிட வேகம். அதே விலைக்கு இடம்தான் கால்வாசி."

"ரெண்டையும் ஓட்டிக் காட்டு."

"ஓட்டிக் காட்ட இது என்ன சைக்கிளா?" என்று முணுமுணுத்தபடியே இணைத்தான்.

அவள் குனிந்து முதலாவதில் காதை வைத்தாள். தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டுபோல் அது இரைந்தது. இரண்டாவதில் காதை வைத்தாள்.

"ஓடுதா?"

"ஓடுது."

"பொய் சொல்லாதடா."

"சத்தியமா ஓடுதுக்கா. ஆனா ஒண்ணு மாமா, இது போனா சொல்லாம கொள்ளாமப் போயிடும். சுத்துற டிஸ்க்னா சாகுறதுக்கு முன்னாடி கொஞ்சம் முனகவாவது செய்யும்."

"அப்போ உங்கக்கா கட்டிக்கிட்டது சுத்துற டிஸ்கைத்தான்" என்றார் கணவர், கம்மிய குரலில்.

"முனகுறது வீட்ல ஒண்ணு இருக்கு, போதும்" என்றாள் அவள். "இந்த ஊமையைக் குடு."

விளையாட்டாகச் சொன்னாலும் காரணம் இருந்தது. நலிந்த குரலுக்கு அடியில் வண்டும் இரைந்தால், குரலில் எஞ்சியிருப்பதும் அமுங்கிவிடும்.

மறுநாள் காலை கணவருக்குத் தொண்டை அதிசயமாகத் திறந்துகொண்டது. நாவலில், ஓடிப்போன மகன் திரும்பி வந்து கதவைத் தட்டும் இடம். உள்ளே தாய் எழுந்திருக்கவில்லை. அவர் அவசரப்படாமல் வாசித்தார். ஒரு காதில் குரல் நிறைந்தது. மற்றொரு காதில் ஒன்றுமே இல்லை. அரைப்பு எங்கே? பதிவு எப்போது நின்றது?

"நிறுத்துங்க! எதுவும் ஓடல!"

"யார் சொன்னது?"

"காதுதான்!"

திரும்பிப் பார்த்தாள். திரையில் அலைகள் சீராக நகர்ந்துகொண்டிருந்தன. அவள் போட்ட கூச்சல் மட்டும் மலைபோல் எழுந்து நின்றது.

"சவுண்டக்கான்னு பேர் வச்சவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்று கணவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் லேசில் அடங்கவில்லை. அன்று அவரால் மேற்கொண்டு வாசிக்க இயலவில்லை. அடுத்த நாள் மணல் கலந்த குரலில் எஞ்சிய பக்கங்களை வாசித்து முடித்தார். அதற்கு மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார்.

அவள் தன் கூச்சலை வெட்டியெடுத்துவிட்டு இரண்டு நாள் குரலையும் ஒட்டினாள். ஒட்டு இடறியது. தம்பி கேட்டுவிட்டு, "அடியில கொஞ்சம் இரைச்சல் போட்டு மூடிடுக்கா. யாருக்கும் தெரியாது" என்றான்.

"இரைச்சல் வேண்டாம்னுதானேடா இதை வாங்கினேன்?"

அறுவை முடிந்து வீடு திரும்பிய கணவர் சில நாள் வாய் திறக்கக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. அவர் கட்டிலில் சாய்ந்திருக்க, அவள் ஒட்டைப் பற்றிச் சொல்லாமல் அத்தியாயத்தை ஓடவிட்டாள். சரியாக ஒட்டு வந்த இடத்தில் அவர் விரலை உயர்த்தினார்.

"தெரியுதா?"

தலையசைத்தார்.

"ரொம்பவா?"

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நெருக்கி, எள் நுழையும் அளவு இடைவெளி காட்டினார். பிறகு அதே சுட்டுவிரலை அவள் பக்கம் நீட்டினார்.

"ஆமா, நான்தான்" என்றாள். "இருந்துட்டுப் போகட்டும்."

அன்று மாலையே நாவலை அனுப்பிவைத்தாள்.