டேஷ்போர்டில் ஒரு சந்தனப் பொட்டு

இன்று பழனிசெட்டிபட்டியில் பழைய கார் விற்கும் கடைக்கு வண்டி ஒன்று பார்க்கப் போனோம். ஓட்டப்போவது என் மகள், பக்கத்து இருக்கை எனக்கு.

மகள் வண்டியைக் கிளப்பினாள். டேஷ்போர்டின் நடுவில் பெரிய சந்தனப் பொட்டு. பூஜை போட்டால் ஸ்டீயரிங்கில் அல்லவா வைப்பார்கள்? கைக்குட்டையால் துடைத்தேன். அடியில் ‘பக்கத்து இருக்கை ஏர்பேக் ஆஃப்’ என்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“சாமிப் பொட்ட அழிச்சுப்புட்டீகளே ஆத்தா!” என்று பதறினார் கடைக்காரர். “சீட்ல ஆளு இல்லாட்டி அப்படித்தான் எரியும்.”

“அப்ப இங்கன உக்காந்திருக்கிறது யாரு?”

“நீங்க ஒல்லியா இருக்கீக. சென்சாருக்குத் தெரியல.”

மகளை என் இடத்தில் உட்காரவைத்தேன். அவளை ஒல்லி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விளக்கு அணையவில்லை.

ஏர்பேக் வேலை செய்யாத வண்டி வேண்டாம் என்று இறங்கிவிட்டோம். திரும்பிப் பார்த்தால், கடைக்காரர் மறுபடியும் சந்தனம் குழைத்துக்கொண்டிருக்கிறார்.

சமீபத்தில் பழைய கார் வாங்கியவர்கள் பொட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.