அரண்மனை வாசலில் விட்ட செருப்பு

டூரிஸ்ட் பஸ்ஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் ஊர் காட்டும் தொழிலில் மலையோ அருவியோ கோயிலோ நம்மைத் தொந்தரவு செய்வதில்லை, தொந்தரவெல்லாம் ஆட்கள்தான். அந்தப் பாவத்தை நீங்களும் செய்தவராக இருந்தால் மேலே படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் என் முதலாளியிடம் ஒரே ஒரு பஸ். அதில் நான்தான் மேனேஜர், நான்தான் கண்டக்டர், சமையலுக்கு ஆள் குறைந்தால் வெங்காயம் உரிப்பவனும் நான்தான். எல்லோரும் கோயில் டூர் போட்டு ஆள் சேராமல் போன சமயத்தில் ஒரு யோசனை சொன்னேன். மேற்கே மலையடிவாரத்தில் ஒரு பழைய சமஸ்தானத்து அரண்மனை இருந்தது. மன்னர் மானியம் நின்ற பிறகு அந்தக் குடும்பத்தார் பாதியை ஹோட்டலாகவும் பாதியை மியூசியமாகவும் ஆக்கியிருந்தார்கள். அதைக் காட்டலாம் என்றேன். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. முதலாளி அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்: "ஒரு தடவை போய்ட்டு வா. சரிப்பட்டா வருஷா வருஷம் போடுவோம். இல்லேன்னா பஸ்ஸக் கல்யாணத்துக்கு விட்டுர்றேன், நீ வேற வேலை பாத்துக்க."

வாசல்

மியூசியத்தின் முன்வாசலில் முதலில் இறங்கியவர் விழிதியூர் ராசாம்பாள் அக்கா. நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர். அவர் குரல் ஒரு வயலில் கிளம்பினால் மறு வயலில் கேட்கும். அரண்மனையை அண்ணாந்து பார்த்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பின்னால் வந்த பஸ் மொத்தமும் கழற்றியது. காவல்காரர் ஓடிவந்து, "போட்டுக்கிட்டே போகலாம்மா" என்று கெஞ்சினார். நானும் சொல்லிப் பார்த்தேன். அக்கா அந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராசா வூட்டுக்குள்ள செருப்போடவா போவாங்க? நீ வேலைக்குப் புதுசாப்பா?"

சிம்மாசனம்

சிம்மாசனத்துக்கு முன்னால் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கூப்பிடுவது முசே என்று. முசே வெறுங்காலோடு விறைப்பாக நின்று காலி நாற்காலிக்கு ஒரு சல்யூட் வைத்தார். அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்குப் பக்தி வந்துவிட்டது. அம்பகரத்தூர்க்காரர் ஒருவர் கயிற்றுக்கு அப்பால் சில்லறையைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு நகராமல் வலது கையை நீட்டியபடியே நின்றார்.

"துன்னூறு குடுக்க மாட்டாங்களா?"

அந்தப்புரம்

ராணிகள் இருந்த மாடியில் கல்லில் பூப்பூவாகக் குடைந்த ஜன்னல்கள். அதன் வழியாகத்தான் ராணி வெளியே பார்ப்பாராம், வெளியே இருப்பவர்கள் யாரும் அவரைப் பார்க்க முடியாதாம். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ராசாம்பாள் அக்கா ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நான் வாசல்ல நின்னா, போறவங்க வர்றவங்க எல்லாம் நாலு வார்த்தை பேசிட்டுத்தான் போவாங்க. பாவம் இந்தப் பொண்ணு."

வெளியே போகும் வழி

முன்வாசலில் செருப்பை விட்டதன் பலன் அப்புறம்தான் தெரிந்தது. மியூசியத்தில் நுழைவது முன்பக்கம், வெளியேறுவது பின்பக்கம். முன்பக்கம் திரும்பிப் போக ஒரே வழி ஹோட்டல் தாழ்வாரம். அங்கே வெள்ளைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, பின்பக்கத் தோட்டத்துக்குச் சாயங்காலம் பாய்ச்சிய தண்ணீரில் மிதித்த ஈரக்காலோடு எங்கள் பஸ் முழுவதும் வரிசையாகப் போயிற்று. பளிங்குத் தரையெல்லாம் காலடி. போகிற போக்கில் ஒவ்வொருவரும் கும்பிடு வேறு.

ஹோட்டல் மேனேஜர் முகம் சிவந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பாவம், அவருக்கு அன்று வேறு கஷ்டமும் இருந்தது. டீ குடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். கூட வந்த வழிகாட்டிக்குக் காய்ச்சல். அவர்கள் பேசியது இவருக்குப் புரியவில்லை, இவருடைய இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து என்மேல் கொட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளியிடம் என்ன சொல்வேன், வீட்டில் என்ன சொல்வேன்?

"உங்க பஸ் இனிமே இந்த கேட்டுக்குள்ள வரவே கூடாது!"

முசே

அந்த நேரம் பார்த்து முசே வரிசையை விட்டு விலகி, "போன்ழூர் மதாம்" என்று ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் தலையைச் சாய்த்தார். அந்த அம்மா டீக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேவிட்டார். இரண்டு நிமிஷத்தில் எல்லோரும் முசேயைச் சூழ்ந்துகொண்டார்கள். மேனேஜர் என் கையை விட்டுவிட்டார். முசே அவர்களை மியூசியத்துக்குள் அழைத்துப்போய், ஒவ்வொரு வாளுக்கும் ஒரு போரைச் சொன்னார். நடித்தும் காட்டினார். அவர்கள் கை தட்டினார்கள்.

எங்கள் ஆட்களுக்கு மேனேஜர் புல்வெளியில் டீ கொடுக்கச் சொன்னார். கோப்பையும் தட்டுமாகத் தனித்தனியே வந்ததில் ராசாம்பாள் அக்கா தட்டில் ஊற்றி நிம்மதியாகக் குடித்தார். நான் முசேயைத் தனியாக இழுத்து, "இந்த ராஜா கதையெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும் தம்பி? இந்தோசீனாவுல நடந்ததச் சொன்னேன். கேட்டாங்கள்ல?"

கிளம்பும்போது மேனேஜர் பஸ் வரை வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"அடுத்து எப்ப வர்றீங்க? அந்தப் பெரியவரையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க."

மறு வருஷம்

போனோம். இந்தத் தடவை முன்வாசலில் செருப்பு வைக்க மரத்தட்டு அடித்துப் போட்டிருந்தார்கள். விட்ட செருப்பைப் பின்வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆளும் போட்டிருந்தார்கள். தட்டில் எங்களுக்கு முன்பே பெரிய பெரிய வெள்ளைக்கார பூட்ஸ்கள் இருந்தன. ராசாம்பாள் அக்கா தன் செருப்பை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்பத்தான் மரியாத தெரிஞ்சிருக்கு இவங்களுக்கு."

எண்பதுகள் முழுக்க அந்த அரண்மனையைக் காட்டியே பிள்ளைகளைப் படிக்கவைத்த எனக்கு, அந்த ராஜாவின் பெயர் இன்றுவரை சரியாகத் தெரியாது; ஆனால் எந்தச் செருப்பு யாருடையது என்று கேளுங்கள், உடனே சொல்லிவிடுவேன்.