இரண்டாவது இலை

இந்த ஊரில் சாம்பிராணி போடுவதற்கு முன்னால் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே வெள்ளைத் தட்டுபோல ஒரு கருவி ஒட்டியிருக்கும். கொஞ்சம் புகை பட்டால் போதும், தெருவே கேட்கக் கத்தும். ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் போன புரட்டாசி அமாவாசையன்று அதை மறந்துவிட்டேன். அப்பாவுக்குப் படையல் போட்டுக் கற்பூரம் காட்டிய கையோடு அது அலறத் தொடங்கியது. நாற்காலி மேல் ஏறி அதன் வாயை அடைப்பதற்குள் கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டிவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். வாழையிலை, வடை, வாழைக்காய் வறுவல், பாயசம், மடிப்புக் கலையாத வேட்டி, பீடி கிடைக்காததால் வைத்த ஒரு சிகரெட். யாருக்கு இவ்வளவும் என்றார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், கன்னியப்பனுக்கு என்றேன். ஹெர் கன்னியப்பன் நீங்கள்தானே என்று சிரித்தார். பிறந்தநாள் வாழ்த்து வேறு சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் குற்றமில்லை. நம் ஆட்களுக்கெல்லாம் நடப்பதுதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் நிற்கிறது, இங்கே அதுவே நம்மைக் கூப்பிடும் பெயராகிவிடுகிறது.

எங்கள் ஊர் ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு அப்பா தலைக்குக் குளித்துவிட்டுத் தாத்தாவுக்கு இலை போடுவார். அண்ணன் தம்பிகள் சேர்ந்திருக்கும் வரைக்கும் ஒரே இலைதான். குடித்தனம் வேறானாலும், உறவு பிரிந்தால்தான் இலை பிரியும். நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு புரட்டாசியில், அடுத்த தெருவிலிருந்த சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வராமல் தன் வீட்டிலேயே தாத்தாவுக்குப் படைத்துவிட்டார். சேதி வந்ததும் அப்பா கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தார்.

"நேத்து வரிக்கும் தம்பி. இன்னியிலேர்ந்து பங்காளி" என்றார்.

அதற்கப்புறம் கல்யாணம், சாவு தவிர இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

அப்பா போன பிறகு அண்ணன் படைப்பான், நான் போனில் பார்ப்பேன். போனை இலைக்கு நேராகச் சாய்த்துவைப்பான். அண்ணி எனக்கென்று ஒரு வடையைத் தனியாக எடுத்துவைத்து, அதையும் காட்டுவார். போன புரட்டாசிக்குப் போன் வரவில்லை. கூப்பிட்டாலும் போகவில்லை. அப்பா பசியோடு திரும்பிவிடுவாரோ என்று எனக்குத் தோன்றியது. ஆசியக் கடைக்கு ஓடி, ஐஸில் விறைத்துக் கிடந்த வாழையிலையை வாங்கிவந்து நானே சமைத்தேன். படைத்ததைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டேன். அண்ணன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

சாயந்திரம் கூப்பிட்டான். "இன்னாடா பண்ணி வச்சிக்கிற? கரண்டு பூட்ச்சி, டவரு இல்ல. அதுக்குள்ள தனியா எல போட்டுட்டியா?"

அப்பாவுக்குத்தானே போட்டேன் என்றேன்.

"அவருக்குதான் இங்க போட்டாச்சே. சித்தப்பா எல போட்டப்ப நீயும் பாத்துகினுதான இருந்த?"

நான் இருக்கிற தூரத்துக்கு இதெல்லாம் ஒரு கணக்கா என்று சிரித்துப் பார்த்தேன். தூரமாக இருப்பது வேறு, பிரிந்துபோவது வேறு என்று சொல்லி வைத்துவிட்டான்.

இந்த ஆடி அமாவாசைக்கு நானே கூப்பிட்டேன். எடுத்தான். உடம்பை விசாரித்தான், குளிரை விசாரித்தான். போன் இலைப் பக்கம் திரும்பவே இல்லை, அவன் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வடை எடுத்து வைத்தாயா என்று கேட்டேன்.

"உனுக்குதான் உன் எல இருக்குதே."

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னான். விமானம் ஏறியபோது பிரியாத குடும்பம், ஐஸ்பெட்டியில் கறுத்துப்போன ஓர் இலையில் பிரிந்துவிட்டது.

மறுபடியும் புரட்டாசி வருகிறது. இலை போட்டால் அண்ணன் சொன்னது உறுதியாகும். போடாவிட்டால் இந்த வீட்டில் அப்பாவுக்குச் சோறில்லை. கீழ்வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் கன்னியப்பன் என்று ஒட்டியிருக்கிறது. அவர் கண்ணால் பார்க்காத ஊரில், அவர் பெயரை அழுத்துகிறவர்களுக்கெல்லாம் நான் கதவைத் திறக்கிறேன். ஆரணியில், அவர் படம் மாட்டியிருக்கும் வீட்டில், நான் பங்காளி.