பேஸ்பால் படித்த அப்பா

என் அப்பாவுக்கு பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. பாண்டிச்சேரிக்காரர். பிரான்சில் சென் தெனி என்ற ஊரில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங்க் விளையாடுவார், அதிலும் தோற்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஐந்தே நாளில் அந்த விளையாட்டைக் கரைத்துக் குடித்தது மாமாவுக்காக.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் போனவர். அக்கா போயும் போயும் ஒரு பாண்டிச்சேரிக்காரரை, அதுவும் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்ற கோபத்தில் பதினொரு வருடம் எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். பக்கத்து ஊரான ஸ்தேனில் ஒரு நண்பரின் கல்யாணத்துக்கு வந்தவரை, அம்மா அழுது அடம்பிடித்து லா சப்பல் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தம்பி தன் கணவரை வாய் நிறைய 'அத்தான்' என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும். மாமாவோ அப்பாவை எப்படியுமே கூப்பிடவில்லை. எல்லாம் என் வழியாகத்தான். "உன்ரை அப்பாவைக் கேள், குளிச்சு முடிச்சிட்டாரோ எண்டு" என்பார். ஒரே மேசையில் இருந்துகொண்டு உப்பைக்கூட என்னிடம் சொல்லித்தான் வாங்கினார். அம்மா சிரித்துச் சமாளித்துவிட்டுக் குசினிக்குள் போய் மூக்கைச் சிந்துவாள்.

மாமாவின் தலையில் எந்நேரமும் ஒரு பேஸ்பால் தொப்பி. அதைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா நூலகத்திலிருந்து அந்த விளையாட்டைப் பற்றிய ஒரு புத்தகத்தைத் தூக்கி வந்தார். பிரான்சில் நாய்கூடச் சீந்தாத விளையாட்டு அது. இரண்டாம் நாள் சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"பத்துத் தடவ மட்டையோட போயி ஏழு தடவ சும்மா திரும்பி வர்றவன, உலகத்துலயே பெரிய ஆளுன்றாங்களே, அது எப்படி?"

மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "பத்திலை மூண்டு அடிச்சாலே அவன் கடவுள் எண்டு உன்ரை அப்பாவுக்குச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார், ஆனாலும் சொன்னேன்.

அதற்குப் பிறகு தினமும் அதே பேச்சு. பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புகிறவன்தான் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரன் என்பது மாமாவின் கட்சி. கெட்ட பந்தைத் தொடாமல் விடத் தெரிந்தவன்தான் பெரியவன் என்பது அப்பாவின் கட்சி. நாலு கெட்ட பந்தை விட்டுவிட்டால் ஓடாமலே முதல் பேஸ் என்கிற முதல் கட்டத்துக்கு நடந்து போகலாமாம். "அடிக்கிறது யாராலயும் முடியும். அடிக்காம நிக்கத்தான் தெம்பு வேணும்" என்பார். நான் அப்பா பக்கம். அவருக்குப் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டி மனப்பாடம் பண்ண வைத்ததே நான்தானே.

கடைசி நாள் சாப்பாட்டில் அப்பா வெளுத்து வாங்கினார். பந்தை வெளியே அடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களை வரிசையாக எடுத்துவிட்டார். மாமாவுக்கு என்னிடம் சொல்லி அனுப்ப நேரமில்லை. மேசையில் ஒரு தட்டுத் தட்டி, அப்பாவை நேராகப் பார்த்தார்.

"அத்தான், சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ. பந்து வெளியாலை போனாத்தான் சனம் எழும்பும்."

சொதிச் சட்டியோடு வந்த அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். மாமா தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டவர் போலக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

அப்பாவிடம் இன்னும் ஒரு முழுப் பக்கத்துக்குப் பதில் இருந்தது என்று எனக்குத் தெரியும். "சரிப்பா, நீ சொல்றதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, மாமாவின் தட்டில் இன்னொரு அகப்பை சோறு வைத்தார்.

எனக்கு வந்ததே கோபம். பேசுவதெல்லாம் விசர்க்கதை, பைத்தியக்காரப் பேச்சு என்று முகத்துக்கு நேரே சொன்னவருக்குச் சோறு போடுகிறாரே என்று பிரெஞ்சில் கத்தினேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அம்மாவாவது அப்பாவுக்காக இரண்டு வார்த்தை கேட்பாள் என்று பார்த்தால், அவள் மாமாவுக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இரண்டு நாள் நான் அப்பாவோடு பேசவில்லை. இத்தனை கேவலமாகத் தோற்றவர் அன்றைக்கு விசிலடித்துக்கொண்டு பாத்திரம் கழுவியதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.